நாற்பத்தொரு பென்ஸ்

ஆறாயிரம் பவுண்.
நான்கு வருட இரவு வேலை,
கொவென்றியின் வடக்கு ஓரத்துக் களஞ்சியத்தில்
பெட்டி பெட்டியாய் நான் ஒட்டிய
பிறத்தியாரின் முகவரிகள்.
எரிவாயுக் கட்டணத் தாளின் முதுகில்
இரண்டு கோடு கிழித்து
மூன்று கட்டம் ஆக்கினேன்.

முதற் கட்டத்தில் ஒரு வங்கி.
நாலரை வீதம் என்கிறது,
பச்சை எழுத்தில், பூசணிக்காய் அளவில்.
கீழே எறும்பு ஊர்கிறது:
பன்னிரண்டு மாதம் போனால் மூன்று தசம் மூன்று.
புது மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து.
அடுத்த வருடம் அவனும்
பழஞ்சோற்றுக்கு வந்துவிடுவான்.

இரண்டாவது வங்கி ஏழு வீதம்!
ஆனால் மாதம் இருநூறுதான் போடலாம்,
மேலே ஒரு சல்லியும் வாங்கமாட்டார்களாம்.
கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
பங்குனியில் போட்ட காசுக்கு
பன்னிரண்டு மாத வட்டி,
மாசியில் போட்டதற்கு ஒரு மாதம்.
ஆகமொத்தம் தொண்ணூற்றொரு பவுண்.
ஏழு என்று நான் வாசித்தது
பாதி ஏழு.

மூன்றாவது,
ஃபோல்ஸ்ஹில் வீதியில்
சலவைக்கடைக்கு மேல்மாடியில்
சிக்கனக் கூட்டுறவுச் சங்கம்.
வட்டி எவ்வளவு என்று கேட்டேன்.
மோரீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"மார்ச் கூட்டத்தில்தான் தெரியும்.
போன வருடம் இரண்டு.
அதற்கு முந்தின வருடம்
ஒன்றுமே இல்லை."

வாக்குத் தராத ஆட்களில்
எனக்கொரு மயக்கம் உண்டு.
வாக்குத் தந்தவர் குணநாயகம்.
சீட்டுப் பிடித்தவர்.
இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐந்நூறு,
என் முறை பதினேழாவது.
பதினைந்தாவது கட்டி இரண்டு கிழமையில்
அவர் வீட்டு முற்றத்தில்
'விற்பனைக்கு' என்று பலகை நின்றது.
பிறகு டொரண்டோவிலிருந்து ஒரு படம்,
மகளின் பிறந்தநாள், மூன்று தட்டுக் கேக்.
விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன்,
அதில் எந்தத் துண்டு என்னுடையது என்று.

சரி, கணக்குக்கு வருவோம்.
அங்கே இருநூற்றெழுபது,
இங்கே, கிடைத்தால், நூற்றிருபது.
வித்தியாசத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தால்
நாளொன்றுக்கு நாற்பத்தொரு பென்ஸ்.
ஒரு முட்டை,
அதன் மேல் தூவ உப்பும் மிளகும்.

ஐந்து பவுண் கட்டி அங்கத்தவராகி
மார்ச் கூட்டத்துக்கும் போனேன்.
முப்பத்தொரு பேர், மடக்குக் கதிரைகள்,
இஞ்சி பிஸ்கட்.
இரண்டு வீதம் பங்கிடலாம் என்றது நிர்வாகம்.
சப்பாத்தில் வெள்ளைப் பெயின்ற் காய்ந்த
ஒரு மனிதன் எழும்பினான்:
"ஜனவரியில் கொதிகலன் செத்தது.
எண்ணூறு இங்கேதான் எடுத்தேன்.
மாதம் மூன்று வீதம் கட்டுகிறேன்.
நீங்கள் ஒன்றரையோடு நின்றால்
எங்களுக்குக் கொஞ்சம் குறையும்."

அதுவரை வட்டி எனக்கு
வானத்திலிருந்து பெய்தது.
இப்போது அதற்குச் சப்பாத்து இருந்தது.
அவன் என்னைப் பார்த்தான், நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.
ஆறாயிரம் வைத்தாலும் ஐந்து வைத்தாலும்
ஆளுக்கு ஒரு கை.

என் கை எந்தப் பக்கம் உயர்ந்தது என்று
சுகிர்தா மச்சாளுக்கும் சொல்லவில்லை.
ஒரு வாக்கால் இரண்டு வீதம் தோற்றது.

வீட்டுக்கு வந்து பிரித்தேன்:
நாலாயிரத்து ஐந்நூறு பச்சை எழுத்துக்கு,
மிச்சம் மோரீனுக்கு.
அடுத்த ஏப்ரல் பக்கத்தில்
'விருந்து முடிகிறது' என்று சிவப்பில் குறித்தேன்.
பிழைக்கத் தெரிந்தவள் என்று
என்னையே மெச்சியபடி
தாளைத் திருப்பினேன்.

எரிவாயுக் கட்டணம்.
கட்டக் கடைசி நாள்
முந்தாநாள்.